ஊட்டிக் குளிரில் எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்: வாங்கலாமா, எவ்வளவு நம்பலாம்?

டெஸ்டர் என்றதும் வயர்மேன் சட்டைப் பையில் செருகியிருக்கும் நியான் விளக்கு ஸ்க்ரூடிரைவர்தான் நினைவுக்கு வரும். இது வேறு. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, முகப்பில் சின்னத் திரை, சுற்றிலும் கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (சுவர்க் கரண்டைக் கணினிக்கு வேண்டிய குறைந்த வோல்டேஜுக்கு மாற்றித் தரும் பெட்டி) வரும் ஒயர்களைச் செருகத் தனித்தனி வாய்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 பின், பிராசஸருக்குப் போகும் 8 பின், கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 6 பின், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா, பழைய மோலெக்ஸ் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. செருகிக் கரண்ட் கொடுத்தால் ஒவ்வொரு லைனிலும் எத்தனை வோல்ட் வருகிறது என்று திரையில் காட்டும். அளவு தவறினால் கீச்சென்று கத்தும். பல பெயர்களில் விற்கிறார்கள். உள்ளே இருக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரம் ரூபாயைத் தாண்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

கீழே சமவெளியில் இதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலையில் சொல்ல நிறைய இருக்கிறது. ஊட்டி, லவ்டேல், தலைகுந்தா, எமரால்டு பக்கம் மார்கழி, தை மாதங்களில் 'சிஸ்டம் டெட்' என்று சொல்லப்படும் கணினிகளில் பல உண்மையில் டெட் ஆனவை அல்ல. காலையில் ஆன் ஆகாது, மதியம் ஆகும். அதைத் தூக்கி வண்டியில் போட்டு, குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் உள்ள 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கோவைக் கடையில் மேசைமேல் வைத்துச் சுவிட்சைத் தட்டினால் நன்றாக ஓடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அங்கே 30 டிகிரி வெயில். இங்கே விடியற்காலையில் வீட்டுக்குள்ளேயே வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. 30 டிகிரியில் பாஸ் ஆகிற எஸ்எம்பிஎஸ் 6 டிகிரியில் ஃபெயில் ஆகலாம். அந்த வித்தியாசத்தை மலையிலேயே, குளிரிலேயே பிடித்துத் தருகிறதா என்பதுதான் இந்தக் கருவிக்கு வைக்க வேண்டிய தேர்வு.

டெஸ்டரைக் கையில் எடுப்பதற்கு முன்

சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்றதும் கேபினட்டைத் திறக்காதீர்கள். முதலில் யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு, கேபினட்டின் பவர் கார்டை நேரே சுவர் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். வீட்டு யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். குளிரில் அதன் கொள்ளளவு இன்னும் குறையும். பேட்டரி முழுக்கச் செத்தால் சில யுபிஎஸ் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாது. பழி கணினி மேல் விழும்.

சுவரில் வருவதையும் அளந்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் 600 அல்லது 750 அளவுக்குத் திருப்பி, லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பாருங்கள். 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 207-க்கும் 253-க்கும் இடையில் இருந்தால் கவலை இல்லை. காலை ஆறரை ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடு கீசர் போடும் நேரத்தில் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் இது 190-க்கும் கீழே போகும். தேயிலைத் தொழிற்சாலையும் லைன் வீடுகளும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தால், பெரிய மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் விளக்கு மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளிரும் லோ வோல்டேஜும் ஒரே நேரத்தில் தாக்குவதால்தான் காலை நேரம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கண்டம்.

அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட 230 வர வேண்டும். அது வராமல் மீட்டர் எங்கோ அலைந்தால் எர்த் கம்பி எங்கும் சேரவில்லை என்று பொருள். கேபினட்டைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று ஏறுவதும் அதனால்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகங்கள்) லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட் உலோகத்துக்கு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் உலோகம் பாதி வோல்டேஜில், சுமார் 115-இல் மிதக்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு என்றாலும் மானிட்டர் கேபிளையோ பென்டிரைவையோ செருகும் நொடியில் போர்ட்டைக் கெடுக்க அது போதும். எர்த் சரியில்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டுவது பெரும்பாலும் வீண்செலவு. இடியின் வேகத்தை அது எர்த்துக்குத்தான் தள்ளிவிட வேண்டும். தள்ள வழி இருக்காது.

இன்னொரு எச்சரிக்கை, கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. ஆடிக் காற்றில் கற்பூர மரம் சாய்ந்து லைன் அறுந்தால், கரண்ட் திரும்பி வந்ததும் சிஸ்டத்தைப் போடாதீர்கள். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் மட்டும் அறுந்திருந்தால், அக்கம்பக்கத்து வீடுகளின் லோடைப் பொறுத்து உங்கள் சாக்கெட்டில் 230-க்குப் பதில் 300, 350, 400 வரை கூட வரும். குண்டு பல்பு வழக்கத்தைவிட வெள்ளையாக எரிந்தால் மெயினை உடனே இறக்கிவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மீட்டரில் அளந்து பார்த்த பிறகுதான் பிளக்.

செருகுவது எப்படி, படிப்பது எப்படி

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் சார்ஜ் இறங்கிவிடும். 24 பின் கனெக்டரின் பக்கவாட்டுக் கொக்கியை அழுத்தியபடி நேர் மேலே இழுக்க வேண்டும். ஈரத்தில் வருடக்கணக்கில் இருந்த கனெக்டர் இறுகிக் கிடக்கும். ஒரு கையால் போர்டின் ஓரத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். போர்டு வளைந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். பிராசஸருக்குப் போகும் 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் பிளஸ் மைனஸ் தலைகீழ். டெஸ்டரில் இரண்டுக்கும் தனி வாய் உண்டு. இறுக்கமாக இருந்தால் அமுக்கித் திணிக்காமல் திருப்பிப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றிலிருந்தும் ஒயரைக் கழற்றிவிட்டு, 24 பின்னை டெஸ்டரில் செருகி, பிறகு கரண்ட் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றத் தொடங்கும், திரையில் எண்கள் வரும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கான பொதுத் தர விதியான ஏடிஎக்ஸ்படி பிளஸ் லைன்களுக்கு மேலும் கீழும் 5 சதவீதம் வரை ஏறி இறங்கலாம். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் குறையாமல் 12.6-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். 5 வோல்ட் லைனுக்கு 4.75 முதல் 5.25. 3.3 வோல்ட் லைனுக்கு 3.14 முதல் 3.47. மைனஸ் 12 லைனுக்கு மட்டும் 10 சதவீதம் சலுகை, அதாவது 10.8 முதல் 13.2 வரை. எண்ணுக்குப் பதில் எல்எல் என்று வந்தால் குறைவு, எச்எச் என்று வந்தால் அதிகம்.

ஒரு குறை இங்கேயே தெரிந்துவிடும். திரை ஒரு தசம இலக்கம்தான் காட்டும். 11.4 என்று வந்தால் அது 11.36-ஆ 11.44-ஆ என்று தெரியாது. விளிம்பில் நிற்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இந்தக் கருவி தீர்ப்புச் சொல்ல முடியாது.

திரையில் எல்லாரும் கவனிக்காமல் விடும் எண் பிஜி. பவர் குட் என்பதன் சுருக்கம். எல்லா லைனும் நிலைக்கு வந்துவிட்டன, இனி நீ கிளம்பலாம் என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குத் தரும் சைகை அது. அந்தச் சைகை வரும்வரை போர்டு பிராசஸரை எழுப்பாது. வழக்கமான ஏடிஎக்ஸ் விதிப்படி 100 மில்லி செகண்டுக்கும் 500-க்கும் இடையில் அது வந்துவிட வேண்டும். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்ற நிலைக்கு இந்தச் சைகை வராமல் போவதும் ஒரு காரணம். இந்த டெஸ்டரின் உண்மையான மதிப்பே இந்த ஒரு எண்தான். மல்டிமீட்டரால் இந்த நேரத்தை அளக்க முடியாது.

அடுத்தது 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, ஊதா ஒயர். சுவரில் பிளக் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் இது உயிரோடு இருக்கும். பவர் பட்டனுக்கே உயிர் இதுதான். பட்டனைத் தட்டினால் துளிச் சலனமும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. 4.75-க்குக் கீழே போய்விட்டால் மற்ற எண்கள் நன்றாக இருந்தும் பயனில்லை.

குளிர் டெஸ்ட்

இனிச் சொல்வது பெட்டியோடு வரும் தாளில் இருக்காது. மலையில் இந்தக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இதுதான் முக்கியம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களில் திரவம் இருக்கிறது. வருடங்கள் ஆக ஆக அது கொஞ்சம் கொஞ்சமாக உலரும், உள் எதிர்ப்பு ஏறும். குளிரில் மிச்சமிருக்கும் திரவமும் கெட்டியாகி எதிர்ப்பு இன்னும் ஏறும். புதிய கெபாசிட்டர் இதைத் தாங்கிவிடும். ஐந்தாறு வருடம் ஓடியது தாங்காது. அப்போது எஸ்எம்பிஎஸ் கிளம்பப் பார்க்கும், வோல்டேஜ் தள்ளாடும், உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று நிறுத்திவிடும். ஃபேன் ஒரு துடி துடித்து நிற்பது அதனால்தான். நான்கைந்து முறை தட்டினால் அந்த முயற்சியிலேயே கொஞ்சம் சூடாகி ஐந்தாவது முறை ஓடிவிடும். 'அஞ்சாறு தடவ அமுக்கினா வந்துரும்' என்று வீடுகளில் சொல்கிறார்களே, அந்தப் பேச்சிலேயே நோய் என்னவென்று இருக்கிறது.

அதனால் டெஸ்டை மதியம் செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, கணினி வழக்கமாக இருக்கும் இடத்திலேயே இரவு முழுக்க வையுங்கள், கரண்ட் இல்லாமல். காலையில் ஹீட்டர் போடுவதற்கு முன், முதல் வேலையாக டெஸ்டரைச் செருகுங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டுவிட்டு சுவிட்சைப் போடுங்கள், ஏனென்றால் முதல் இரண்டு நொடியில் திரையில் வந்து மறையும் எண்ணைக் கண் பிடிக்காது. முதல் முயற்சி மட்டுமே கணக்கு. இரண்டாவது முயற்சியில் உள்ளே சூடு ஏறிவிட்டது.

பிறகு அதே எஸ்எம்பிஎஸ்ஸை வெயில் விழும் அறையில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி செருகுங்கள். காலையில் பிஜி வராமல் நின்று, மதியம் 300 என்று அழகாக வந்தால் சந்தேகமே வேண்டாம், கெபாசிட்டர் உலர்ந்துவிட்டது. மதர்போர்டு மேல் பழி போட வேண்டாம், விண்டோஸை அழித்து மறுபடி போடவும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் போதும். இரண்டு வேளையும் நன்றாகவே வந்தால் நோய் பெரும்பாலும் வேறு இடத்தில்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். குளிர்ந்த கேபினட் முன்னால் ரூம் ஹீட்டரை வைத்துச் சூடாக்குவது ஒன்று. சமையலறை ஆவியும் மூச்சுக் காற்றும் கலந்த சூடான காற்று, குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் நீராகப் படியும். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெளியே வேர்க்கிறதே, அதே கதைதான் போர்டின் மேலும். அறை சூடானபின் ஒரு மணி நேரமாவது விட்டு ஆன் செய்யுங்கள். இரண்டாவது, கெபாசிட்டரை மாற்றலாம் என்று எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி தங்கியிருக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து இழுக்கும் கரண்டை ஒழுங்குபடுத்தும் சுற்று) உள்ளதில் 380 வரை போகும். தொழில் தெரியாதவர் கை வைக்கவே கூடாத இடம் அது.

எங்கே ஏமாற்றும்

டெஸ்டர் எஸ்எம்பிஎஸ் மேல் லோடு ஏற்றுவதில்லை, ஏற்றினாலும் பெயருக்குத்தான். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி இஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கல்லட்டியின் 36 வளைவும் ஏறிவிடும் என்று சொன்னால் எப்படி? இந்தக் கருவியின் 'ஓகே' அந்த மாதிரிதான். பச்சை விளக்கு எரிந்தால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. சிவப்பு எரிந்தால் கெட்டது என்று நம்பலாம். அவ்வளவுதான் அதன் வாக்கு. 'ஓகே' என்ற ஒரே காரணத்துக்காக மதர்போர்டை மாற்றச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ ஓடும்போது மட்டும் சிஸ்டம் பட்டென்று அணைகிறதென்றால் டெஸ்டர் உதவாது. எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, காலியாக இருக்கும் மோலெக்ஸ் கனெக்டரில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை மஞ்சள் ஒயரிலும் கறுப்பு முனையைக் கறுப்பிலும் வைத்துக்கொண்டு, கனமான வேலை ஒன்றை ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 12.1 காட்டியது வேலையில் 11.5-க்கு இறங்கினால், விதிப்படி தேறினாலும் அது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. 11.4-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, வோல்டேஜின் மேல் ஏறிவரும் ரிப்பிள் அலை. 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட் லைனில் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாமல் அதைப் பார்க்க முடியாது; டெஸ்டருக்கும் மல்டிமீட்டருக்கும் அது எட்டாது.

பிராண்டட் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் கேபினட்டைத் திறந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். சில மாடல்களில் 24 பின்னே இருக்காது. 6, 10, 14 பின் என்று நிறுவனத்துக்கே உரிய கனெக்டர் இருக்கும். இந்த டெஸ்டர் அதில் உட்காராது.

மல்டிமீட்டரும் ஒரு துண்டுக் கம்பியும்

வீட்டில் ஒரே ஒரு கணினி என்றால் டெஸ்டருக்குப் பதில் மல்டிமீட்டரை வாங்கச் சொல்வேன். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர், 16-ஆவது பின், அதை அடுத்துள்ள கறுப்பு ஒயரோடு ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டுக் கரண்ட் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் ஓடும். கிளிப்பைச் செருகும்போது பிளக் சுவரில் இருக்கக் கூடாது. பிறகு மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, ஊதா ஒவ்வொன்றையும் கறுப்போடு அளந்துவிடலாம், இரண்டு தசமம் வரை. இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்ஸில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருப்பதால் நிறத்தை நம்பாமல் பின்னை எண்ணுங்கள். கொக்கி இருக்கும் பக்கம் 13 முதல் 24. 13-இலிருந்து எண்ணினால் பச்சை அதில் நான்காவது.

மல்டிமீட்டரில் இரண்டு விஷயம். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும் நிலையில் சுவர் சாக்கெட்டில் வைத்துவிட்டால் நேரடி ஷார்ட், கையே கருகும். ஒவ்வொரு முறையும் துளையைப் பார்த்துவிட்டு வையுங்கள். அடுத்தது, மீட்டரின் சொந்த 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் மீட்டர் குறைத்துக் காட்டாது, கூட்டிக் காட்டும். திரையில் பேட்டரிப் படம் மின்னிக்கொண்டிருக்க, 12 வோல்ட் லைனில் 13.5 என்று வந்தால் குற்றவாளி மீட்டர்தான்.

பிஜி நேரம் ஒன்றைத் தவிர டெஸ்டர் தரும் எல்லாவற்றையும் மல்டிமீட்டர் இன்னும் நுட்பமாகத் தருகிறது. சுவரையும் எர்த்தையும் மதர்போர்டில் காசு வடிவில் இருக்கும் பயாஸ் செல்லையும் டெஸ்டர் அளக்காது. ஆனால் பள்ளியின் கம்ப்யூட்டர் லேப், பிரவுசிங் சென்டர், ஊரில் நாலு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவர் என்றால் டெஸ்டர் கட்டாயம் வேண்டும். பத்து எஸ்எம்பிஎஸ்ஸைக் காலை ஏழு மணிக் குளிரில் பேப்பர் கிளிப்பால் சோதிக்க முடியாது, விரல் ஒத்துழைக்காது. டெஸ்டரில் ஒன்றுக்கு ஒரு நிமிடம்.

எஸ்எம்பிஎஸ் தேறிவிட்டால்

ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன பஸ்ஸர் ஒன்றை வாங்கி மதர்போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதியிருக்கும் நான்கு பின்னில் செருகுங்கள். கருவிப் பையில் காசுக்கு அதிகம் உழைக்கும் பொருள் இதுதான். ராம் அத்தனையையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் பீப் என்று கத்தினால் நல்ல செய்தி: எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசஸர் மூன்றும் உயிரோடு இருக்கின்றன, ராம் இல்லை என்று புகார் சொல்கின்றன. சத்தமே இல்லை என்றால்தான் போர்டையோ பிராசஸரையோ சந்தேகிக்க வேண்டும்.

கத்திவிட்டது, ஆனால் ராமைப் போட்டால் திரை வரவில்லை என்றால், மலையில் பெரும்பாலும் ஈரத்தின் வேலை. ராமை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறப் பட்டைகள் பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில், ஸ்லாட்டின் கம்பிகள் தொட்ட உயரத்தில் மட்டும் மங்கலான ஒரு கோடு ஓடும். ஓரத்துப் பட்டைகளில் பழுப்பாகவோ பச்சையாகவோ சின்னப் புள்ளிகள் இருக்கும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது ஊரெல்லாம் செய்யும் வைத்தியம். உடனே வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பொன்பூச்சு மைக்ரான் கணக்கில்தான் இருக்கிறது. ரப்பர் அதையும் சேர்த்துத் தேய்க்கும், அடுத்த மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம் கறுக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில் நனைத்து, பட்டையின் நீளவாக்கில் நாலைந்து முறை துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டு மாட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கிறது, வேண்டாம். நீலகிரித் தைலம் பல கறைகளை எடுக்கும் என்பது உண்மைதான். ராம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்ப் படலம் தங்கி தூசியைப் பிடிக்கும், சில பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

ஒற்றை ராம் என்றால் பிராசஸரிலிருந்து இரண்டாவதாக இருக்கும் ஸ்லாட்டில் போடுங்கள், நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகள் அதைத்தான் கேட்கின்றன. இரண்டு பக்கமும் 'க்ளிக்' கேட்க வேண்டும். டிடிஆர்5 (புது வகை ராம்) போர்டு என்றால் ராமை மாற்றிய பிறகு முதல் முறை திரை வரச் சில நிமிடம் ஆகும். அது ராமை அளந்து பழகிக்கொள்கிறது. பொறுமையில்லாமல் பாதியில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பயாஸ் செல், சிஆர்2032, புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கும். 2.8-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். இடிக்குப் பயந்து தினமும் பிளக்கைப் பிடுங்கும் வீடுகளில் இது சீக்கிரம் தீரும், காரணம் ஸ்டாண்ட்பை கரண்ட் இல்லாத நேரமெல்லாம் கடிகாரம் அந்தச் செல்லைத்தான் குடிக்கிறது. தேதி பல வருடம் பின்னால் போய், இணையதளம் எதைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் செல் தீர்ந்திருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள கணினியில் பயாஸ் செட்டிங்கை அழிப்பதற்கு முன் டிரைவ் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் டெஸ்டர் இருக்கும் அதே அலமாரியில் போஸ்ட் கார்டு என்று ஒன்று விற்பார்கள், இரண்டு இலக்கத்தில் பிழைக் குறி காட்டும் அட்டை. வாங்காதீர்கள். பழைய பிசிஐ ஸ்லாட் காலத்தில் நல்ல கருவியாக இருந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு என்று விற்கும் மலிவான அட்டைகளுக்குப் பல புதிய போர்டுகள் அந்தக் குறியை அனுப்புவதே இல்லை; திரை சும்மா ஏதோ ஒரு எண்ணில் நின்றுவிடும், நீங்கள் அதற்கு அர்த்தம் தேடிக்கொண்டிருப்பீர்கள். புதிய போர்டுகள் பலவற்றின் ஓரத்திலேயே சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு.

எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியிருந்தால் லேபிளில் மூன்று இடம் பாருங்கள். 450 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை விடுங்கள், 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட்தான். கேபினட்டோடு சேர்த்துத் தரும் லேசான பெட்டிகள் பலவற்றின் உண்மை அதுதான். இன்புட் 200 முதல் 240 வரை மட்டும் என்று போட்டிருந்தால் காலைநேர லோ வோல்டேஜுக்கு அது தாங்காது. 100 முதல் 240 வரை, ஆக்டிவ் பிஎஃப்சி உள்ளதாக எடுங்கள். மூன்றாவது யாரும் பார்க்காதது: மலைச் சிகரம் போட்ட சின்னச் சின்னம், பக்கத்தில் 2000 மீட்டர் அல்லது 5000 மீட்டர். உயரம் கூடினால் காற்று மெலியும், மெலிந்த காற்றில் மின்பொறி எளிதில் தாவும், அதனால் உள்ளே பாகங்களுக்கு நடுவில் கூடுதல் இடைவெளி வேண்டும். 2000 மீட்டர் வரை மட்டும் என்று குறித்த பெட்டி குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பொருந்தும். ஊட்டி 2240 மீட்டரில் இருக்கிறது, கொடைக்கானலும் 2100-ஐத் தாண்டுகிறது. இங்கெல்லாம் 5000 குறித்ததைக் கேட்டு வாங்குங்கள். கோவை காந்திபுரத்தில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஆன்லைனில் லேபிளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

டெஸ்டரையும் மீட்டரையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோவுக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள், இரண்டு மழைக்காலத்தில் டெஸ்டரின் பின்களும் பச்சை பிடித்துவிடும், பிறகு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் எல்எல் காட்டும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மீட்டரின் 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள்.